'சேல்' பலகையைப் படிப்பது எப்படி?

பழந்தமிழில் சேல் என்றால் மீன். கெண்டை வகையைச் சேர்ந்தது. புலவர்கள் பெண்ணின் கண்ணைச் 'சேல்விழி' என்றார்கள். இன்று கடைவீதியில் நம் கண்ணை இழுப்பது வேறொரு சேல். சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்தாக, கடை வாசலில் தோரணத்துக்குப் பதிலாகத் தொங்குகிற ஆங்கிலச் சொல் அது. இந்தச் சேல் மீனில்லை. சில இடங்களில் அது தூண்டில்.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் நீங்கள் மூன்று வேலைகளைத் தனியாகச் செய்ய முடியும்: சேல் என்ற சொல் எந்த இடத்தில் எந்தப் பொருளில் வருகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். பலகையில் எழுதியிருப்பதற்கும் கையிலிருந்து போகும் பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மனக்கணக்காகவே போடலாம். ஏமாற்றம் நேர்ந்தால் யாரிடம் போவது என்று தெரிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் இருத்துங்கள். சேல் என்ற சொல் தனியாக நின்றால் விலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதற்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிச் சொற்கள்தான் விலையைச் சொல்கின்றன. கடைக்காரர் சேலைப் பெரிதாகவும் குட்டிச் சொல்லைப் பொடி எழுத்திலும் அச்சடிப்பது அதனால்தான்.

முதலில் சொல்லைப் பிரிப்போம்

ஆங்கிலத்தில் 'செல்' என்பது வினை: விற்பது. 'சேல்' என்பது பெயர்: விற்பனை. நம்மில் பலரும் 'பைக்கை சேல் பண்ணிட்டேன்' என்கிறோம். தமிழ்ப் பேச்சில் அது குற்றமில்லை. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் 'ஐ வாண்ட் டு செல் மை பைக்' என்று குறிலாகச் சொல்லுங்கள். நெடிலாக 'சேல்' என்றால், பாய்மரக் கப்பலில் பயணம் போவதற்கான ஆங்கிலச் சொல்லும் அதே ஒலிதான்.

அன்றாடம் நீங்கள் சந்திக்கும் வடிவங்கள் இவை:

1. ஃபார் சேல்: விற்பனைக்கு உள்ளது. காலி மனையில் நட்ட பலகையிலும் பழைய காரின் பின்கண்ணாடியிலும் காண்பது. விலை குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை.

2. ஆன் சேல்: இது இரட்டைப் பொருள் கொண்டது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் திங்கள் முதல் 'ஆன் சேல்' என்றால் அன்று முதல் கடையில் கிடைக்கும், அவ்வளவே. அமெரிக்க வழக்கில் அதற்குத் தள்ளுபடி விலையில் கிடைக்கிறது என்றும் பொருள். இந்தியக் கடைகளில் இரண்டும் கலந்தே புழங்குவதால், கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

3. வெறும் சேல்: தள்ளுபடி விற்பனை. நம் 'ஆடி சேல்' இந்த வகை. இலங்கைத் தமிழர் இதை மலிவு விற்பனை என்றும், தள்ளுபடியைக் கழிவு என்றும் சொல்வார்கள்.

4. நாட் ஃபார் சேல்: விற்பனைக்கு அன்று. தமிழக அரசு இலவசமாகத் தரும் பாடநூலின் முதல் பக்கத்தில் இந்த வரியைத் தமிழிலேயே பார்த்திருப்பீர்கள். இலவச மாதிரிப் பொட்டலத்திலும், மருத்துவருக்கு நிறுவனம் தரும் மாத்திரை அட்டையிலும் இதே பொருளில் அச்சாகியிருக்கும். அப்படி அச்சான பொருளுக்குக் கடையில் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

5. யூனிட் சேல் பிரைஸ்: பொட்டலப் பொருளில் அதிகபட்ச சில்லறை விலைக்கு அருகில் 'யூ.எஸ்.பி.' என்ற சுருக்கத்தில் இருக்கும். ஒரு கிராம், ஒரு மில்லி, ஒரு எண்ணிக்கை போன்ற ஓர் அலகுக்கு என்ன விலை என்பதே அது. இங்கே சேல் என்றால் சாதாரண விற்பனைதான்; தள்ளுபடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் தள்ளுபடியைச் சோதிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

6. சேல் அக்ரிமென்ட், சேல் டீட்: வீடு, மனை வாங்குவோர் குழப்பிக்கொள்ளும் இரட்டையர். முன்னது விற்பனை ஒப்பந்தம், பின்னது கிரயப் பத்திரம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உங்களுக்குத் தராது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் சொத்து கைமாறும்.

குறிப்பு: 'சேல்ஸ்' என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் அது வியாபாரத் துறையையோ விற்ற தொகையையோ குறிக்கும். 'மச்சான் சேல்ஸ்ல இருக்கான்' என்றால் அவர் தள்ளுபடியில் இல்லை, விற்பனை வேலையில் இருக்கிறார்.

கடைக்காரர் ஏன் விலையைக் குறைக்கிறார்?

காரணம் தெரிந்தால் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது பாதி தெரிந்துவிடும்.

ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை ஆடி. கல்யாணம், கிரகப்பிரவேசம் எதையும் பலர் ஆடியில் வைப்பதில்லை. ஜவுளிக்கடையும் நகைக்கடையும் காற்றாடும். அடுத்து ஆவணி முகூர்த்தங்களும் தீபாவளியும் வரப்போகின்றன; புதுச் சரக்குக்கு இடம் வேண்டும். பழையதைத் தள்ளினால்தான் அலமாரி காலியாகும். ஆடித் தள்ளுபடி பிறந்த கதை இவ்வளவுதான். இதில் ஒளிவுமறைவு இல்லை.

- ஸ்டாக் கிளியரன்ஸ் சேல்: தேங்கிய சரக்கு. அளவும் நிறமும் அரைகுறையாகத்தான் இருக்கும். படுக்கை விரிப்பு, துண்டு, பாத்திரம் போல நாகரிகம் மாறாத பொருளுக்கு நல்லது.
- எண்ட் ஆஃப் சீசன் சேல்: பருவ முடிவு விற்பனை. அடுத்த ஆண்டு குழந்தைக்குப் பத்தாது என்பதை மறந்து இந்த ஆண்டு அளவிலேயே வாங்கிவிடாதீர்கள்.
- குளோசிங் டவுன் சேல்: கடை மூடும் விற்பனை. மூடிய கடையில் மாற்றித்தர ஆளிருக்காது. உத்தரவாதம் தேவைப்படும் மின்பொருளை இங்கே தவிர்க்கவும்.
- ஃபெஸ்டிவல் சேல்: பண்டிகை விற்பனை. 1935-இல் தொடங்கிய கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30% வரை சிறப்புத் தள்ளுபடி தருவது வழக்கம். பழைய வாடிக்கையாளர்கள் இதை ஆடிச் சேலோடு சேர்க்காமல் 'ரிபேட்' என்றே சொல்வார்கள்.
- ஃபிளாஷ் சேல்: இணையத்தில் சில மணி நேரம் மட்டும் நடப்பது. யோசிக்க நேரம் தராமல் இருப்பதே இதன் நுட்பம்.

தேவையானவை

வீட்டிலிருந்து கிளம்பும்போது எடுத்துக்கொள்ள:

- வாங்க வேண்டியவற்றின் பட்டியல், பெயருக்கு எதிரே நீங்கள் தரத் தயாரான உச்ச விலையோடு
- துணி என்றால் அளவு நாடா, அல்லது நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்று
- கைப்பேசி, கணக்குப் போடவும் விலைச்சீட்டைப் படம் எடுக்கவும்
- துணிப்பை, பைக்குத் தனிக்காசு கேட்கும் கடைகள் இருப்பதால்

பட்டியலைச் சேல் விளம்பரம் பார்ப்பதற்கு முன்பே எழுதுங்கள். பார்த்த பிறகு எழுதும் பட்டியல் கடைக்காரருடையது.

பலகையைப் படிக்கும் ஆறு படிகள்

1. குட்டிச் சொல்லைத் தேடுங்கள். 'ஃப்ளாட் 30%' என்றால் அந்தப் பிரிவில் எல்லாப் பொருளுக்கும் 30%. 'அப் டு 70%' என்றால் 70-க்கு மேல் போகாது என்று மட்டுமே பொருள். நீங்கள் விரும்பும் பொருளுக்கு 5 ஆகவும் இருக்கலாம். '299 ஆன்வர்ட்ஸ்' என்றால் விலை 299-இல் தொடங்குகிறது. எங்கே முடிகிறது என்பது உள்ளே போனால்தான் தெரியும்.

2. நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பலகையின் அடியில் அதற்கு விளக்கம் இருக்கும். 'குறிப்பிட்ட ரகங்களுக்கு மட்டும்', 'குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு மட்டும்' என்ற இரண்டும் அடிக்கடி வருபவை.

3. எந்த இடத்துக்கு அந்தப் பலகை என்று உறுதி செய்யுங்கள். தொங்கும் கம்பிக்கா, மாடி முழுவதற்கா? 'இது ஃப்ரெஷ் ஸ்டாக் சார், ஆஃபர் அந்த ராக்குக்குத்தான்' என்ற பதிலைப் பில் போடும் இடத்தில் கேட்பதைவிடக் கம்பியருகிலேயே கேட்டுவிடலாம்.

4. எந்த விலையிலிருந்து கழிக்கிறார்கள் என்று பாருங்கள். பெட்டியிலோ பொட்டலத்திலோ அச்சான அதிகபட்ச சில்லறை விலைதான் அடிப்படை. மேலே ஒட்டிய சீட்டை நம்ப வேண்டாம்.

5. வரி சேர்ந்ததா என்று கேளுங்கள். அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரியும் உள்ளடங்கியது. அந்த விலையிலிருந்து தள்ளுபடி என்று விளம்பரம் செய்துவிட்டு, குறைத்த விலையின் மேல் மறுபடி வரி போடுவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-இல் சொல்லியிருக்கிறது.

6. மாற்றித்தருவார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். சேல் பொருளுக்குத் தனி விதி வைத்திருப்பார்கள். ஏழு நாள், மூன்று நாள், மாற்றவே முடியாது என்று கடைக்குக் கடை மாறும்.

ஒரு ஸ்டிக்கரின் அடியில்

நான்காம் படியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தி. தி.நகரில் ஓர் ஆடி ஞாயிறு. பெரிய கடையொன்றில் படுக்கை விரிப்பு மலைபோலக் குவிந்திருந்தது. பாக்கெட்டில் 1,499 என்று ஸ்டிக்கர். அதன்மேல் சிவப்பு மையில் அடித்து 899. நான் இரண்டை எடுத்துக் கூடையில் போட்டேன். சித்தி ஒன்றை வெளியே எடுத்தார். ஸ்டிக்கரின் மூலையைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார். கீழே அச்சில் 999 தெரிந்தது.

"தம்பி, இது என்ன?" என்றார் பக்கத்தில் நின்ற பையனிடம்.

"அது பழைய ரேட்டும்மா."

"பழைய ரேட்டு கம்மியா இருக்கே?"

பையன் சிரித்தான். "மேனேஜரைக் கேளுங்கம்மா" என்று நகர்ந்துவிட்டான்.

பலகையில் 40% என்றிருந்தது. உண்மையில் 999-இலிருந்து 899, பத்தே சதவீதம். விரிப்பின் துணி மோசமில்லை. ஆனாலும் சித்தி அதை மடித்த மாதிரியே குவியலில் வைத்தார். கடைக்கு வெளியே வந்ததும், "நூறு ரூபா கொறச்சா நூறு ரூபான்னு சொல்லணும்" என்றார்.

அவர் செய்தது சரியான சோதனை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி விலையைக் குறைத்துக்காட்ட மட்டுமே தனி ஸ்டிக்கர் ஒட்டலாம். அப்படி ஒட்டும்போதும் உற்பத்தியாளர் அச்சிட்ட விலையை மறைக்கக்கூடாது.

மனக்கணக்கு: நான்கு வாய்ப்பாடு

1. பத்தில் தொடங்குங்கள். விலையின் கடைசிப் பூஜ்யத்தை எடுத்தால் 10%. சட்டை 1,340 ரூபாய் என்றால் 10% 134. தள்ளுபடி 30% என்றால் மீதி 70%; 134 × 7 = 938. கழிப்பதைவிட மீதியைப் பெருக்குவது எளிது.

2. இரட்டைத் தள்ளுபடியைக் கூட்டாதீர்கள். '50% + எக்ஸ்ட்ரா 20%' என்பது 70% ஆகாது. 1,000 ரூபாய் முதலில் 500 ஆகும். அந்த 500-இல் 20% போனால் 400. மொத்தத் தள்ளுபடி 60%.

3. இலவசத்தைச் சதவீதமாக மாற்றுங்கள். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது மூன்றும் ஒரே விலையாக இருந்தால் 33%. ஆனால் இலவசம் எப்போதும் விலை குறைந்த உருப்படிதான். 1,200, 1,000, 600 என்று மூன்று எடுத்தால் 2,800-க்கு 2,200 கொடுக்கிறீர்கள். தள்ளுபடி 21%-க்குச் சற்று மேல். உங்களுக்குத் தேவை ஒன்றே ஒன்று என்றால் சேமிப்பு பூஜ்யம்.

4. கூப்பனை அடுத்த செலவோடு சேர்த்துப் பாருங்கள். '3,000-க்கு வாங்கினால் 500 கூப்பன்' என்று சொல்லி, அடுத்த முறை 1,500-க்கு மேல் வாங்கினால்தான் செல்லும் என்பார்கள். மொத்தம் 4,500-க்குப் பொருள், 4,000 பணம். அது 11%. இரண்டாவது முறை போகவில்லையென்றால் ஒன்றுமில்லை.

நகைக்கடைக்கு ஒரு கணக்கு: 'சேதாரத்தில் 50% தள்ளுபடி' என்ற பலகையில் 50 என்ற எண்தான் கண்ணில் படும். தங்கத்தின் விலையில் யாரும் கைவைப்பதில்லை. சேதாரம் 12% என்று வையுங்கள். பாதி போனால் 6%. தங்கமும் சேதாரமும் சேர்ந்த 112-இல் 6 குறைகிறது. கிட்டத்தட்ட ஐந்தேகால் சதவீதம். வேறு கடையில் தள்ளுபடியே இல்லாமல் சேதாரம் 6% என்றிருந்தால் இரண்டும் ஒன்றுதான். எனவே பலகையை விட்டுவிட்டு, தள்ளுபடி போக ஒரு கிராமுக்கு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். ஹால்மார்க்கோடு ஆறு இலக்க எழுத்தெண் அடையாளமும் நகையில் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்கவும்.

மளிகைக்கு: 'மெகா பேக் சேல்' பொட்டலத்தைக் கூடையில் போடும் முன், அதன் யூனிட் சேல் பிரைஸையும் பக்கத்திலுள்ள சிறிய பொட்டலத்தினதையும் ஒப்பிடுங்கள். பெரியது கிராம் 22 பைசா, சிறியது 20 பைசா என்று இருப்பதும் உண்டு. எண்ணெயில் ஒரு லிட்டர் போலத் தோன்றும் பை 850 மில்லியாக இருக்கும். பையின் உயரத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

கடையில் கேட்க ஆங்கில வாக்கியங்கள்

பெங்களூரு, மும்பை, துபாய் என்று வெளியூரில் கடைக்குப் போனால் இந்த ஆறு வாக்கியமும் போதும். சத்தமாக இரண்டு முறை சொல்லிப் பழகுங்கள்.

1. இஸ் திஸ் ஆன் சேல்? — இதற்குத் தள்ளுபடி உண்டா?
2. இஸ் திஸ் த ஃபைனல் பிரைஸ்? — இதுதான் கடைசி விலையா?
3. ஆர் டாக்ஸஸ் இன்க்ளூடட்? — வரி சேர்ந்ததா?
4. வென் டஸ் த சேல் எண்ட்? — தள்ளுபடி எப்போது முடிகிறது?
5. கேன் ஐ எக்ஸ்சேஞ்ச் சேல் ஐட்டம்ஸ்? — தள்ளுபடிப் பொருளை மாற்றித்தருவீர்களா?
6. இஸ் திஸ் ஃபார் சேல், ஆர் ஒன்லி ஃபார் டிஸ்ப்ளே? — இது விற்பனைக்கா, காட்சிக்கு மட்டுமா?

'டிஸ்கவுண்ட் கிவ்' என்று முறித்துப் பேச வேண்டாம். 'கேன் யூ கிவ் மீ எ பெட்டர் பிரைஸ்?' என்றால் பேரம் மரியாதையாகத் தொடங்கும். சேல் விலையில் பெரும்பாலும் மேற்கொண்டு பேரம் படியாது. தெருக்கடையில் படியும், அங்கே விலை குறையாவிட்டாலும் கொசுறாவது கிடைக்கும்.

சேலில் வாங்கும்போது கூடுதல் சோதனை

- உணவுப் பொருள்: கடைசித் தேதியைப் பாருங்கள். மூன்று பாட்டில் சாஸ் வீட்டில் எத்தனை நாளில் தீரும் என்று கணக்கிட்டுவிட்டு எடுங்கள்.
- குக்கர், ஹெல்மெட், கேஸ் அடுப்பு: ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாவிட்டால் எத்தனை மலிவானாலும் வேண்டாம். உயிரோடு விளையாடும் பொருளில் தள்ளுபடி தேடக்கூடாது.
- ஃபிரிட்ஜ், ஏ.சி.: நட்சத்திர லேபிளில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று அச்சாகியிருக்கும். பழைய ஆண்டின் ஐந்து நட்சத்திரம் புதிய கணக்கில் குறையக்கூடும்.
- மின்னணுப் பொருள்: 'டிஸ்ப்ளே பீஸ்', 'ஓபன் பாக்ஸ்', 'ரீஃபர்பிஷ்ட்' என்ற மூன்றில் எதுவாவது சீட்டில் உள்ளதா பாருங்கள். முதலாவது கடையில் காட்சிக்கு வைத்தது, இரண்டாவது பெட்டி பிரித்தது, மூன்றாவது பழுது நீக்கியது. வாங்கலாம்; உத்தரவாதம் எத்தனை மாதம் என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும்.
- துணி: வெளிச்சத்தில் பிடித்து இழையோட்டத்தைப் பாருங்கள். மடிப்பில் வெளுத்திருந்தால் அது நெடுநாள் அலமாரியில் கிடந்தது.

இணையச் சேல்: பாதுகாப்பு

இணையக் கடைகளில் கண்ணைக் கட்டும் உத்திகளுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. அதில் 13 வகை ஏமாற்று உத்திகள் உள்ளன. சேல் நாளில் நீங்கள் பார்க்கப்போகும் மூன்று இவை:

1. போலி அவசரம்: 'இன்னும் இரண்டு மட்டுமே', ஓடும் கடிகாரம். பக்கத்தை மூடிவிட்டு அரைமணி கழித்துத் திறந்து பாருங்கள். அதே இரண்டு இருக்கிறதா?
2. கூடையில் திணிப்பு: நீங்கள் சேர்க்காத காப்பீடோ நன்கொடையோ கூடையில் ஏறியிருக்கும். பணம் கட்டும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.
3. சொட்டுச் சொட்டாக விலை ஏற்றம்: முதல் பக்கத்தில் 499. கடைசிப் பக்கத்தில் கையாளும் கட்டணம், தளக் கட்டணம் என்று சேர்ந்து 568.

இனி எச்சரிக்கைகள்:

- வாட்ஸ்அப்பில் வரும் '90% சேல்' இணைப்பைத் தொடாதீர்கள். கடையின் செயலியைத் திறந்து அங்கே அந்த விலை இருக்கிறதா பாருங்கள்.
- பழைய பொருளை 'ஃபார் சேல்' என்று இணையத்தில் போட்டிருந்தால், பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்யுங்கள் என்று யாராவது சொல்வார்கள். பணம் பெற ஸ்கேன் செய்யவும் வேண்டாம், ரகசிய எண் போடவும் வேண்டாம். ரகசிய எண் போட்டால் உங்கள் பணம்தான் வெளியே போகும்.
- பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் வேறு கணக்குக்கு நகரும்.

கூட்டத்தில்

சேல் கடைசி ஞாயிறு போவதைத் தவிர்த்து, வாரநாள் காலையில் கடை திறந்ததும் போங்கள். கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். நகரும் படிக்கட்டில் புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்ளவும். குழந்தையின் ரப்பர் செருப்பு ஓரத்தில் சிக்கும், கையைப் பிடித்து நடுவில் நிறுத்தவும். பெற்றோர் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் குழந்தையின் சட்டைப்பையில் வையுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று உள்ளே நுழையும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பொதுவாகச் செய்யும் ஐந்து தவறுகள்

1. சேமித்ததைச் சொல்லிக்கொள்வது, செலவழித்ததை மறப்பது. 'ஆயிரம் ரூபாய் மிச்சம்' என்பவர் இரண்டாயிரம் கொடுத்திருப்பார்.
2. இலவச டெலிவரி எல்லையைத் தொட, வேண்டாத ஒன்றைச் சேர்ப்பது.
3. சற்றே இறுக்கமான அளவை 'விலைக்காக' வாங்குவது. அது பீரோவில்தான் கிடக்கும்.
4. பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைப்பார்கள் என்று ஒப்புக்கொள்வது. பில் போனால் உத்தரவாதமும் போகும்.
5. விலைச்சீட்டை வீட்டுக்கு வந்ததும் கிழிப்பது. போட்டுப் பார்த்து, ஒருமுறை உட்கார்ந்து எழுந்த பிறகு கிழியுங்கள்.

ஏமாந்தால் என்ன செய்வது?

1. பில், விலைச்சீட்டு, விளம்பரம் மூன்றையும் படமெடுத்து வையுங்கள். இணையச் சேல் என்றால் அன்றைய விலைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும்.

2. முதலில் கடையில் பேசுங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதும், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. சேலில் வாங்கியதற்கும் இது பொருந்தும்.

குறிப்பு: இது குறைபாடுள்ள பொருளுக்குத்தான். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்குக் கடையின் சொந்த விதியே செல்லும்.

3. குறைந்த விலையைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டு, 'அது தீர்ந்துபோச்சு, இதைப் பாருங்க' என்று விலை கூடியதை நீட்டினால் அது தூண்டில் விளம்பரம். அறிவித்த விலைக்கு விற்கப் போதிய சரக்கு இருக்க வேண்டும் என்று 2022-இல் வந்த வழிகாட்டுதல் கேட்கிறது. அந்த விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. கடை ஒத்துவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலும் பேசலாம்.

5. அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

வாசலில் ஒரு நிமிடம்

அடுத்த முறை சிவப்புப் பலகையைப் பார்த்ததும் உள்ளே நுழையாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். குட்டிச் சொல் எது, எந்த விலையிலிருந்து, என் பட்டியலில் இது இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் பதில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். நல்ல சேல்களும் இருக்கின்றன. மூன்றாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால், எத்தனை சதவீதம் போட்டிருந்தாலும் அந்தப் பொருள் உங்களுக்கு முழு விலைதான்.